ஜான் பிரைன் பாட்டுகளை எங்கிருந்து தொடங்குவது? புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்க நாட்டுப்புற இசையையும் கன்ட்ரி இசையையும் கலந்து எழுதிப் பாடியவர்களில் ஜான் பிரைன் அளவுக்கு நெஞ்சைப் பிடித்து உலுக்குகிறவர் குறைவு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உடனே தேடிப் பார்த்திருப்பீர்கள். செயலி ஒரு கூடைப் பாட்டைக் கலந்து கொட்டியிருக்கும். ஒன்றில் ஓர் இளைஞன் மூக்கால் பாடுகிறான். அடுத்ததில் தொண்டை கரகரக்கும் ஒரு பெரியவர். அதற்கடுத்து யாரோ ஒரு பெண். எல்லாவற்றிலும் அதே மூன்று கார்டு (சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடி) கிட்டார். இதில் அப்படி என்ன இருக்கிறது என்று மூடிவைத்திருப்பீர்கள்.

எனக்கும் வழி சொல்ல ஆள் இல்லாமல் ரொம்ப நாள் முட்டி மோதித்தான் ஒரு வரிசை பிடிபட்டது. அதே அலைச்சல் உங்களுக்கும் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். பிரைன் பாட்டின் பலம் ராகத்தில் இல்லை. பாட்டுக்குள் இருக்கிற மனிதர்களிடமும், அவர்களைப் பற்றி அவர் சொல்லாமல் விடுகிற விஷயங்களிலும்தான் இருக்கிறது. அதனால் எந்தப் பாட்டை முதலில், எந்தப் பதிவில், கையில் எதை வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்பது முக்கியம்.

ஆள் யார் என்று தெரிய இவ்வளவு போதும்: 1946இல் சிகாகோவை ஒட்டிய மேவுட் ஊரில் பிறந்தார். பெற்றோர் கென்டக்கி மாநிலத்துக்காரர்கள். தபால்காரராக வேலை பார்த்துக்கொண்டே பாட்டு எழுதினார். 1971இல் முதல் ஆல்பம். 2020 ஏப்ரல் 7 அன்று கொரோனாவால் இறந்தார். மற்றதெல்லாம் பாட்டு கேட்கக் கேட்கத் தானாகத் தெரியவரும்.

படி 1: கேட்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, பாடல் வரிகள். இது இல்லாமல் உட்காரவே உட்காராதீர்கள். நம் திரைப்பாட்டில் வரி புரியாவிட்டாலும் மெட்டும் இடையிசையும் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். பிரைனிடம் அந்த வசதி கிடையாது. வரி தவறினால் பாட்டே தவறிவிடும். உச்சரிப்பு வேறு கொழகொழவென்று இருக்கும். ஆங்கிலமே தாய்மொழியான ரசிகர்களுக்கும் இந்தப் பாடு உண்டு. ‘அரை அங்குலத் தண்ணீர்’ என்று வரும் ஒரு வரியை ‘ஹேப்பி என்சிலாடா’ என்று கேட்ட ஒரு பெண், அந்த என்சிலாடா பாட்டைப் பாடுங்கள் என்று அவரிடமே கேட்டாராம். என்சிலாடா என்பது மெக்சிகோவில் உருட்டிச் சாப்பிடும் ரொட்டி. 1988இல் வந்த நேரலை ஆல்பத்தில் பிரைன் இந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்.

செயலியில் பாட்டோடு ஓடுகிற வரிகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். ஊர்ப் பெயர், ஆள் பெயர் வருகிற இடங்களில் சறுக்கல் இருக்கலாம். இரண்டு இடங்களில் ஒப்பிட்டுப் பாருங்கள். 2017இல் அவருடைய பாடல் வரிகளும் கார்டுகளும் புகைப்படங்களும் சேர்ந்த புத்தகம் ஒன்று வந்தது. பிடித்துப்போனால் பிறகு வாங்கிக்கொள்ளலாம், முதல் நாளே தேவையில்லை.

இரண்டாவது, ஆல்பங்களின் பெயரையும் ஆண்டையும் குறித்த ஒரு துண்டுச் சீட்டு. ஏன் என்பது படி 4இல் தெரியும்.

மூன்றாவது, தேடும்போது பாட்டின் பெயரை மட்டும் அடிக்காதீர்கள். ‘பாரடைஸ்’ என்று தேடினால் உலகத்தில் உள்ள எல்லா பாரடைஸும் வந்து நிற்கும். கூடவே பாடகர் பெயரையும் சேருங்கள். எழுத்து பி, ஆர், ஐ, என், இ. நடுவில் ஒய் போட்டால் வேறு யாராவது வருவார்கள்.

படி 2: செலவு எவ்வளவு ஆகும்?

தொடங்குவதற்கு ஒரு பைசாவும் வேண்டாம். யூடியூபில் முக்கியமான ஆல்பங்கள் கிடைக்கின்றன. விளம்பரம்தான் தொல்லை. ‘சாம் ஸ்டோன்’ முடிந்த கையோடு சலவைத்தூள் விளம்பரம் வந்தால் யாருக்கும் எரிச்சல் வரும். அது தாங்காது என்றால் ஏதாவது ஒரு இசைச் செயலியில் ஒரே ஒரு மாதத்துக்குக் கட்டணம் கட்டுங்கள், இங்கே நான் சொல்லும் மொத்தத்தையும் அதற்குள் நிதானமாகக் கேட்டுவிடலாம். சில செயலிகளின் இலவசக் கணக்கில் பாட்டு வரிசை நம் கையில் இருக்காது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று ஓடும். பிரைனை அப்படிக் குலுக்கிக் கேட்பதில் பலனில்லை.

இசைத்தட்டு ஆசை இருந்தால் பொறுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் தட்டுக்கு அனுப்பும் கட்டணம், சுங்க வரி எல்லாம் சேர்ந்து தட்டின் விலையையே தாண்டிவிடக்கூடும். வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். வாங்கத்தான் வேண்டும் என்றால் 1971 ஆல்பம் ஒன்று போதும். எடுத்ததுமே பெட்டி பெட்டியாக வரும் தொகுப்புகளில் பணத்தைப் போடாதீர்கள்.

படி 3: முதல் ஆல்பத்தில் நான்கு பாட்டு, நாளுக்கு ஒன்று

முதல் ஆல்பத்தின் பெயரும் ‘ஜான் பிரைன்’தான். பதின்மூன்று பாட்டு, முக்கால் மணி நேரம். ஆல்பம் வந்தபோது அவருக்கு 24 வயது. அந்த வயதில் இப்படி எழுதினாரா என்று சந்தேகம் வரும். முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேட்காமல், அதில் நான்கை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றும் மூன்று, நான்கு நிமிடம்தான். முதல் தடவை வரிகளைப் பார்த்துக்கொண்டு, இரண்டாம் தடவை பார்க்காமல். ஆக நாளுக்குப் பத்து நிமிடம்.

முதல் நாள் ‘ஹலோ இன் தேர்’. வயதான ஒருவர் பேசுகிறார். மனைவி பெயர் லொரெட்டா. பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறார்: இருவர் ஒமாஹாவில் குடியேறிவிட்டார்கள், ஒருவன் எங்கோ ஊர் சுற்றுகிறான், டேவி கொரியப் போரில் போய்விட்டான், எதற்காக என்று இன்னும் தெரியவில்லை. அவ்வளவுதான், அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். மகன் செத்ததற்குத் தனியாக ஒரு சரணம் கிடையாது, குரலும் உயராது. அப்புறம் தொழிற்சாலையில் கூட வேலை பார்த்த ரூடியைக் கூப்பிடலாமா என்று யோசிக்கிறார். ஆனால் என்ன விசேஷம் என்று அவன் கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லையே என்று தயங்குகிறார். எனக்கு இந்தப் பாட்டில் மிகவும் கனமான இடம் டேவி இல்லை, இந்த ரூடிதான். கடைசிச் சரணத்தில் திடீரென்று நம் பக்கம் திரும்பி, தெருவில் ஒரு பெரியவரைக் கண்டால் வெறித்துப் பார்த்துவிட்டுப் போகாதே, ஒரு வார்த்தை பேசு என்கிறார். வேறு யார் சொன்னாலும் உபதேசமாகத் தெரியும். அதற்கு முன்னால் ரூடி வந்துவிட்டுப் போனதால் அப்படித் தெரிவதில்லை.

இரண்டாம் நாள் ‘சாம் ஸ்டோன்’. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய். மார்பில் பதக்கம், உடம்பில் போதை ஊசிப் பழக்கம். பல்லவி குழந்தையின் கண்ணிலிருந்து வருகிறது: அப்பா கையில் ஒரு ஓட்டை, பணமெல்லாம் அது வழியாகப் போகிறது. ஊசி என்றோ போதை என்றோ குழந்தைக்குத் தெரியாது. ஓட்டை மட்டும்தான் தெரியும். பின்னணியில் தேவாலயத்தில் வாசிப்பதுபோல ஓர் ஆர்கன் அடங்கி ஒலிக்கும். ஹெட்போனில் கேட்டால்தான் அது சரியாகப் பிடிபடும். முடிவில் ராணுவ வீரர் சலுகையில் வாங்கிய வீட்டைக் கொடுத்துவிட்டு, கொடி போர்த்திய சவப்பெட்டியை வாங்கிக்கொள்கிறார் என்று ஒரு பண்டமாற்று வியாபாரத்தைச் சொல்வதுபோல முடித்துவிடுகிறார். இந்தப் பாட்டை இரவு படுக்கப்போகும் நேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். தூக்கம் போய்விடும்.

மூன்றாம் நாள் ‘ஏஞ்சல் ஃப்ரம் மான்ட்கோமரி’. எடுத்த எடுப்பில் ‘நான் ஒரு வயதான பெண்’ என்று தொடங்குவது இருபத்துச் சொச்சம் வயது ஆண் குரல். கொஞ்சம் விநோதமாக இருக்கும், பழகிவிடும். சமையலறையில் ஈக்கள் ரீங்காரமிடுவது அவளுக்குக் கேட்கிறது. எழுந்ததிலிருந்து ஒரு வேலையும் செய்யவில்லை. காலையில் வேலைக்குப் போன மனிதன் சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் சொல்ல ஒரு வார்த்தைகூட எப்படி இல்லாமல் போகும் என்று கேட்கிறாள். சண்டை, அடி, துரோகம் எதுவும் பாட்டில் இல்லை. பேச்சு நின்றுபோன ஒரு வீடும் ஈக்களின் சத்தமும்தான்.

நான்காம் நாள் ‘பாரடைஸ்’. தன் அப்பாவுக்காக எழுதியது. கென்டக்கியின் மியூலன்பெர்க் கவுன்டியில், கிரீன் ஆற்றங்கரையில் இருந்த பாரடைஸ் என்ற சிற்றூருக்குக் கூட்டிப்போகச் சொல்லி மகன் கேட்கிறான். நீ தாமதமாகக் கேட்டுவிட்டாய், நிலக்கரி தோண்டும் பீபாடி நிறுவனத்தின் ரயில் அதை ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்கிறார் அப்பா. மற்ற மூன்று பாட்டுபோல இது அழுத்தாது. ஒன்று-இரண்டு-மூன்று என்று ஆடும் தாளம், கூடவே பாடத் தோன்றும் பல்லவி. தேசப்படத்தில் கிரீன் ஆற்றைத் தேடிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். கடைசிச் சரணத்தில் தான் செத்தால் சாம்பலை அந்த ஆற்றில் விடச் சொல்வார். பிரைன் இறந்தபிறகு சாம்பலில் ஒரு பாதியை அங்கேதான் விட்டார்கள்.

இந்த நான்கும் ஒட்டவில்லை என்றால் பிரைன் உங்களுக்கானவர் இல்லை. அதில் தப்பொன்றும் கிடையாது, மேலே படிக்க வேண்டாம். ஒட்டிவிட்டது என்றால் அதே ஆல்பத்தில் ‘டொனால்ட் அண்ட் லிடியா’வையும் ‘ஃபார் ஃப்ரம் மீ’யையும் விட்டுவிடாதீர்கள். முன்னது ஒருவரை ஒருவர் சந்திக்காமல், பத்து மைல் தூரத்திலிருந்து கனவிலேயே காதலிக்கும் இரண்டு தனியாட்களின் கதை. பின்னதில் ஒரு காதல் முடிந்துவிட்டது என்று, யாரும் வாய்திறந்து சொல்வதற்கு முன்பே, பையனுக்குத் தெரிந்துவிடுகிறது.

படி 4: எந்தப் பதிவைக் கேட்கிறீர்கள் என்று பாருங்கள்

அதிகம் பேர் சிக்கிக்கொள்வது இங்கேதான். துண்டுச் சீட்டு இப்போது உதவும்.

1998இல் பிரைனுக்குக் கழுத்தில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து திரும்பியபோது குரல் இறங்கி, கரகரப்பாகிவிட்டது. 2000இல் பழைய பாட்டுகளையே அந்தப் புதுக் குரலில் மறுபடி பதிவுசெய்து ‘சூவனியர்ஸ்’ என்ற ஆல்பமாக வெளியிட்டார். எனவே ‘ஹலோ இன் தேர்’ என்று தேடினால் இரண்டு வேறு மனிதர்கள் பாடியதுபோல இரண்டு பதிவுகள் வரும். முதலில் 1971 பதிவு, பல நாள் கழித்து 2000 பதிவு என்ற வரிசையில் கேளுங்கள். இளைஞனாகக் கற்பனை செய்து பாடிய கிழவரின் வயதை அவரே நெருங்கிக்கொண்டிருப்பது குரலில் தெரியும். மாற்றிக் கேட்டால் இந்த அனுபவம் கிடைக்காது. இன்னொரு குழப்பமும் உண்டு: 1972இல் ‘சூவனியர்ஸ்’ என்று தனியாக ஒரு பாட்டும் இருக்கிறது.

2011இல் வெளியான ‘தி சிங்கிங் மெயில்மேன் டெலிவர்ஸ்’, அவர் இன்னும் தபால்காரராக இருந்த 1970ஆம் ஆண்டுப் பதிவுகளின் தொகுப்பு. அதில் ‘சாம் ஸ்டோன்’ வேறொரு நீளமான பெயரில் இருக்கும். புதுப் பாட்டு என்று நினைத்துவிடாதீர்கள்.

மற்றவர்கள் பாடியதும் கலந்து வரும். ‘ஏஞ்சல் ஃப்ரம் மான்ட்கோமரி’ என்று தேடினால் பானி ரைட் பாடியது முன்னால் நிற்க வாய்ப்பு அதிகம். 1974இல் அவர் பாடியதில்தான் அந்தப் பாட்டு ஊரெங்கும் போனது. அருமையான பதிவுதான், ஆனால் இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜானி கேஷ் ‘சாம் ஸ்டோன்’ பாடியபோது பல்லவியில் இயேசுவைப் பற்றி வரும் வரியை மாற்றிவிட்டார். அந்த வரிதான் பாட்டின் முதுகெலும்பு. கேஷ் எனக்குப் பிடித்த பாடகர் என்றாலும் இந்த ஒரு பாட்டில் அவர் பக்கம் நிற்க முடியவில்லை.

படி 5: நடுநடுவே சிரிக்க வைக்கும் பாட்டுகளைச் சேருங்கள்

சோகப் பாட்டுகளை மட்டும் பொறுக்கி வரிசையாகக் கேட்டால் நாலாவதில் மரத்துப்போகும். ‘உருக்கமான பத்துப் பாடல்கள்’ என்ற வகைப் பட்டியல்கள் செய்யும் கெடுதல் இதுதான். பிரைன் மேடையில் அப்படிப் பாடியவர் இல்லை. இரண்டு கனமான பாட்டுக்கு நடுவில் ஒரு குறும்பு வரும், அந்தக் குறும்பில் மனசு இளகியிருக்கும்போது அடுத்தது வந்து விழும்.

1973இன் ‘ஸ்வீட் ரிவெஞ்ச்’ ஆல்பத்தில் ‘ப்ளீஸ் டோன்ட் பரி மீ’ கேளுங்கள். காலையில் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, சமையலறைக்குள் போய் ஒருவன் செத்துப்போகிறான். என்னைப் புதைக்காதீர்கள், உறுப்புகளைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள் என்று பங்கு பிரிக்கிறான். அதே ஆல்பத்தில் ‘கிறிஸ்துமஸ் இன் ப்ரிசன்’ இருக்கிறது, சிறையில் இருப்பவனின் காதல் பாட்டு. இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள்.

‘இன் ஸ்பைட் ஆஃப் அவர்செல்வ்ஸ்’ 1999இல் ஐரிஸ் டிமென்ட்டோடு சேர்ந்து பாடியது. கணவனும் மனைவியும் ஒருவர் மானத்தை ஒருவர் வாங்கிக்கொண்டே கொஞ்சிக்கொள்கிறார்கள். வரிகள் பச்சையாக இருக்கும். வீட்டுக் கூடத்தில் ஸ்பீக்கரில் போடுவதற்கு முன் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: நடுக்காலம் — எதை எடுப்பது, எதை விடுவது

எழுபதுகளிலிருந்து தொண்ணூறுகள் வரை நிறைய ஆல்பங்கள். எல்லாவற்றையும் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. ‘காமன் சென்ஸ்’ (1975), ‘பிங்க் காடிலாக்’ (1979) இரண்டையும் கடைசிக்குத் தள்ளுங்கள். மோசம் என்று சொல்லவில்லை, வாத்தியச் சத்தத்தில் வரி அமுங்குகிறது.

1972இன் ‘சூவனியர்ஸ்’ பாட்டில் இரண்டு கிட்டார். இன்னொன்று நண்பர் ஸ்டீவ் குட்மேன் உடையது. இரண்டும் பின்னிப்போவதால் எது யாருடையது என்று பிரிப்பது கஷ்டம். குட்மேன் 1984இல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். அதற்குப் பிந்தைய நேரலைகளில் இந்தப் பாட்டு வரும்போது அந்த இரண்டாவது கிட்டார் இல்லாதது நன்றாகவே தெரியும்.

குட்மேன் தயாரித்த ‘புரூஸ்டு ஆரஞ்சு’ (1978) ஆல்பத்தை மட்டும் முழுதாகக் கேளுங்கள். தலைப்புப் பாட்டு, பிரைன் சின்ன வயதில் கண்ட ஒன்றிலிருந்து பிறந்தது. தேவாலயத்தில் பூசைக்கு உதவும் ஒரு பையன் ரயிலில் அடிபடுகிறான். யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும்வரை அங்கே தாய்மார்கள் காத்து நிற்கிறார்கள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு, பாட்டு கோபத்தை விட்டுவிடச் சொல்லும் பக்கம் திரும்புகிறது. முதல் தடவையில் பிடிபடாது, மூன்று நான்கு தடவை ஆகும்.

‘தி மிஸ்ஸிங் இயர்ஸ்’ (1991) அவருக்கு கிராமி வாங்கித் தந்த ஆல்பம். அதில் ‘ஆல் தி பெஸ்ட்’ ஒன்று போதும் இப்போதைக்கு. மணமுறிவுக்குப் பிறகு எழுதியது. வாழ்த்துவதுபோலத்தான் இருக்கும், உள்ளே முள் இருக்கும்.

1995இன் ‘லேக் மரீ’யை அவசரப்பட்டு முன்னால் கேட்காதீர்கள். பாதிக்கு மேல் பேச்சு, பல்லவி மட்டும் பாட்டு. இலினாய், விஸ்கான்சின் எல்லையில் இருக்கும் இரட்டை ஏரிகளின் பெயர்க்கதை, முறிகிற ஒரு திருமணம், தொலைக்காட்சிச் செய்தியில் ஒரு கொலை என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று விஷயங்களை அடுக்கிக்கொண்டே போவார். கறுப்பு வெள்ளைக் காணொளியில் ரத்தம் எப்படித் தெரியும் என்று அவர் கேட்கிற இடத்தில் மூன்றும் ஒன்றாகிவிடும். நேரலைப் பதிவில் கேட்டால் இன்னும் வேகம் தெரியும்.

படி 7: கடைசிப் பாட்டுகள்

2013இல் நுரையீரலிலும் புற்றுநோய். அதற்குப் பிறகும் 2018இல் ‘தி ட்ரீ ஆஃப் ஃபர்கிவ்னெஸ்’ வந்தது. பத்துப் பாட்டு, அரைமணிக்குக் கொஞ்சம் மேல். இதை முழுதாக, வரிசை மாறாமல், ஒரே அமர்வில் கேளுங்கள். இதற்குள் அந்தக் குரல் உங்களுக்குப் பழகியிருக்கும். ‘சம்மர்ஸ் எண்ட்’ பாட்டை முதலில் காணொளி இல்லாமல் கேளுங்கள். வீட்டுக்கு வந்துவிடு என்று யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள், யார் என்று பாட்டு சொல்லாது. காணொளி அதற்கு ஒரு கதையை வைத்துவிடுகிறது: போதை மருந்தால் சிதைந்த குடும்பத்தில் ஒரு தாத்தாவும் பேத்தியும். பார்த்துவிட்டால் பிறகு அந்தக் கதையை மனதிலிருந்து எடுக்க முடியாது.

கடைசிப் பாட்டில் சொர்க்கத்துக்குப் போனால் என்ன செய்வேன் என்று பட்டியல் போடுகிறார்: ஒரு கேளிக்கை விடுதி திறப்பது, ஒன்பது மைல் நீள சிகரெட் ஒன்று பிடிப்பது. இரண்டு தடவை புற்றுநோயைப் பார்த்தவரின் ஆசை!

‘ஐ ரிமெம்பர் எவ்ரிதிங்’ எந்த ஆல்பத்திலும் தேட வேண்டாம். அவர் இறந்தபிறகு 2020 ஜூனில் தனியாக வெளியிட்டார்கள். ஒரு குரல், ஒரு கிட்டார். 2021இல் இதற்கு இரண்டு கிராமி கிடைத்தது. மற்றவற்றைக் கேட்காமல் இதிலிருந்து தொடங்கினால் சாதாரண முதியவர் பாட்டாகத்தான் படும். அதனால் கடைசியில் வையுங்கள்.

படி 8: வாசித்துப் பார்க்க ஆசையா?

கிட்டார் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும். பிரைன் பெரும்பாலும் மூன்று, நான்கு கார்டுகளுக்குள் வேலையை முடித்துவிடுவார். ‘பாரடைஸ்’ மூன்று கார்டு பாட்டு. டி, ஜி, ஏ தெரிந்தால் ஒரு சாயங்காலத்தில் உருட்டிவிடலாம். அவருடைய பாணியில் கட்டைவிரல் தடித்த தந்திகளில் மாறி மாறி அடித்துக்கொண்டே இருக்கும், மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளை மீட்டும். கட்டைவிரல் தானாக ஓடும்வரை பாடத் தொடங்காதீர்கள். இதற்கே சில வாரம் பிடிக்கும். இசைக்கருவிக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கேப்போ என்னும் தந்தி அழுத்தும் கவ்வி கிடைக்கும், அதை வாங்கி உங்கள் குரலுக்குத் தோதான கட்டத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். ‘ஹலோ இன் தேர்’ மட்டும் பார்க்க எளிது, உள்ளே கார்டுகள் நிறைய. அதை இரண்டு மூன்று பாட்டுக்குப் பிறகு எடுங்கள்.